தோள் உயரத்து ஹேண்டில்பார்

காலை ஐந்து ஐம்பது. பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் தம்பியின் இடது கை. அது அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை நின்று, பிறகு மறுபடி தூக்கியது. துணி காயப்போடும் கயிறு வரைக்கும் கொண்டுபோய், வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றின் மேல் மடித்துவிட்டு இடது கையை எடுத்துக்கொண்டான். வலது கை விழவில்லை. கயிறு அதைத் தாங்கிக்கொண்டது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறவனைப் போல அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். ஏரிக்காற்றில் கயிறு ஆடியபோது கையும் ஆடியது.

நான் கதவை ஓசையில்லாமல் சாத்தினேன். பிறகு தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்படி மறுபடி திறந்தேன். அதற்குள் கையை இறக்கியிருந்தான்.

"இன்னாக்கா, இவ்ளோ சீக்கிரம்?"

"தூக்கம் வரல. நீ இன்னா பண்ற?"

"துணி காஞ்சிச்சானு பாத்தேன்."

கயிற்றில் துணி எதுவும் இல்லை.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் பல வருடங்கள் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது அதே வேலையை ஊரிலிருந்தே செய்கிறேன். வீட்டில் தம்பி, அவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் அவர்கள் மகள், நான். வீட்டுக்குப் பின்னால் நூறடி தள்ளிப் பழவேற்காடு ஏரி. பத்திரிகையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, பார்த்ததை எழுது, அதற்கு அர்த்தம் கேட்கிற வேலையை நீ செய்யாதே என்பது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களிடம் அதைக் கடைப்பிடிக்க முடிவதில்லை. அன்று காலை அடுப்படியில் தம்பி மனைவியிடம், கயிற்றில் பார்த்ததைச் சொல்லிக் கேட்டேன்.

குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"தோள்ல உள்ளாற கிழிஞ்சிருக்குனு சொல்லிட்டாங்க அண்ணி. பொன்னேரில படம் எடுத்துப் பாத்தோம். கத்தி வெக்கணுமாம். வெச்சாலும் ஆறு மாசம் கட்டு போட்டுக்கினு இருக்கணுமாம். கட்டோட இருந்தா ஊரு பாக்காதா?"

போன இறால் பருவத்தின் கடைசி வாரத்தில், காற்று மாறிய ஒரு நாள், சேற்றில் இறுகிப்போன வலைக்கம்பைப் பிடுங்கும்போது நடந்தது அது. ஊருக்குச் சுளுக்கு என்று சொல்லியிருந்தான். எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மண் மூடிவிட்டதால் கோடை முழுவதும் யாரும் வலை கட்டவில்லை. அவன் கையை யாரும் பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஏரி எல்லாருக்கும் எல்லா நாளும் திறந்து கிடப்பதில்லை. இறால் போகும் வழிகளில் வலை கட்டும் இடங்கள் சில உண்டு. பாடு என்பார்கள். எந்தப் படகு எந்தப் பாட்டில் கட்டலாம் என்பதைப் பருவத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். பங்கு படகுக்கு இல்லை, ஆளுக்கு. படகுக்கு இரண்டு பேர். இரண்டு பேருமே பங்குக்காரர்களாக இருக்க வேண்டும், இரண்டு பேருமே நின்று வேலை செய்ய வேண்டும். ஒருவன் கழி ஊன்றிப் படகை நிறுத்திப் பிடிக்க, மற்றவன் சவுக்குக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிச் சேற்றில் இறக்குவான். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். தண்ணீர் இழுக்கிற நேரத்தில் ஒருவனே எல்லாக் கம்பையும் இறக்கி முடிக்க முடியாது. நிற்க முடியாமல் போனவன் தன் பங்கை மகனுக்குக் கொடுக்கலாம், கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பங்கு ஊருக்குத் திரும்பிவிடும். அதற்காகக் காத்திருக்கும் ஆண்கள் எப்போதும் உண்டு.

என் தம்பிக்கு ஒரே மகள். கூடப் பிறந்தவள் நான்.

கயிற்றில் கையை மாட்டிப் பார்த்த அன்று மாலையே, வண்டியின் ஹேண்டில்பாரை மாற்றப்போவதாகச் சொன்னான்.

வண்டி, கை நன்றாக இருந்த காலத்தில் காட்டூரில் ஒருவரிடமிருந்து வாங்கியது. குரூசர். சீட்டு தாழ்வாக இருக்கும், காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எங்கள் ஊர் மண் சாலைக்கும் குறுகிய பாலத்துக்கும் அந்த நீளமும் எடையும் தேவையே இல்லை. ஆனாலும் அவன் அதைத் துடைக்கிற நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது.

"நல்லா ஒசரமா வெக்கப்போறேன். கை ரெண்டும் மேல இருக்கிற மாதிரி."

"கொம்பு மொளைச்ச எரும மாதிரி இருக்கும்" என்றாள் அவன் மனைவி. சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். கயிற்றை நான் பார்த்தது அவளுக்குத் தெரியும். அவன் எதற்காகக் கேட்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. உயரமான ஹேண்டில்பாரில் கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். தெருவில் நிற்பவர்களுக்கு, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிற ஒரு ஆள் தெரிவான். சீட்டு எடுக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

பொன்னேரிக் கடைக்கு நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்டேஷன் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சுவர் முழுக்க ஹேண்டில்பார்கள் ஆணியில் தொங்கின. மெக்கானிக்குத் தம்பியைவிட வயது குறைவு, வாய் அதிகம்.

"ரெண்டு ஐட்டம் கீதுண்ணே. இது நெஞ்சு வரைக்கும் வரும். இது தோளு வரைக்கும். நெஞ்சு போதும், சொகமா போலாம்."

"தோளு."

"லாங் போனா கை மரத்துப்பூடும். அப்பால எங்கிட்ட வந்து கத்தக் கூடாது."

"நான் எங்க லாங் போவப்போறேன்? பழவேற்காடு பாலம் வரைக்கும் போவேன், வருவேன்."

"அதுக்கு இன்னாத்துக்குண்ணே இது? மாப்ள ஊர்வலமா?"

தம்பி சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

மெக்கானிக் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தற்காலிகமாக மாட்டி, உட்கார்ந்து பார்க்கச் சொன்னான். தம்பி வண்டியின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றான். உட்காரவில்லை.

"ஒக்காருண்ணே."

"நின்னாத்தான் தெரியும்."

எங்கள் ஊரில் நீளமான எதையும் நின்றுதான் தேர்ந்தெடுப்பார்கள். கழி வாங்கினாலும் கம்பு வாங்கினாலும் பக்கத்தில் நிறுத்தி, நிமிர்ந்து நின்று, கை எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். படகில் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. அதனால் அவன் நின்றான். உடம்பை லேசாக ஒரு பக்கம் சாய்த்து வலது கையை ஒரு சுண்டு சுண்டினான். கை பிடிக்குப் போய்ச் சேர்ந்தது. இடது கையின் உதவி வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் அப்போது ஸ்பானர் தேடிக்கொண்டிருந்தான்.

"க்கா, சரியா தோளுக்கு நேரா இருக்குதா?"

"நேரா இருக்கு" என்றேன். இருந்தது.

உயரம் கூடியதால் பழைய ஒயர்கள் எட்டவில்லை. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாவற்றுக்கும் நீளமான ஒயர் போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. தம்பி ஏறி உட்கார்ந்தான். குரூசரின் சீட்டில் உட்கார்ந்ததும் உடம்பு கீழே போயிற்று. பிடி, தோளுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நின்றது.

நல்ல தோளுக்கு நான்கு விரல் ஒன்றுமில்லை. அவனுக்குத் தோள் வரைக்கும்தான் கையைச் சுண்டிக் கொண்டுபோக முடியும். சுண்டிப் பார்த்தான், கை எட்டாமல் பெட்ரோல் டேங்கின் மேல் விழுந்தது. நான் மெக்கானிக்கிடம் ஏதோ கேட்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது இரண்டு கையும் மேலே இருந்தன.

"ஜோரா கீதுண்ணே" என்றான் மெக்கானிக்.

திரும்பி வரும் வழியில் காட்டூர் தாண்டியதும் அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"நீ பாத்தியாக்கா?"

"பாத்தேன். திரும்பிப் போய் மாத்திக்கலாம்."

"ஊருல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இப்ப சின்னதா மாட்டிக்கினு போனா ஏன்னு கேப்பாங்க."

அடுத்த நாளிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. வேலிக்கதவைச் சாத்தி வைத்து, முற்றத்திலேயே ஏறி உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடியில் வைப்பான். "ம்" என்பான். மனைவி கதவைத் திறப்பாள். வெளியே போவான். வழியில் எங்கேயும் இறங்க மாட்டான். யாராவது கை காட்டினால் தலையை ஆட்டுவான். வலைக் கொட்டகை, மீன் ஏலம் போடும் இடம், பஸ் நிற்கும் டீக்கடை என்று ஒரு சுற்று வந்து நேராக முற்றத்துக்குள் நுழைவான்.

ஊர் பார்த்தது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் தினமும் ஏதாவது சொன்னார்கள்.

"வர்றான் பாரு, கையத் தூக்கிக்கினு. போலீஸ்ல சரண்டர் ஆவப்போறான்."

"கொடியில காயப்போட்ட சட்ட மாதிரி இல்ல?"

"போன வருசம் சுளுக்குனு சொன்னான். இப்ப பார்றா, எம்மா நேரம் தூக்கி வெச்சிருக்கான்."

கடைசியில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து தம்பி மனைவியிடம் சொன்னேன். "அதான் வேணும்" என்றாள். மகிழ்ச்சியாகச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை. பொன்னேரி பஸ்ஸுக்காக நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி சுற்றி வந்தான். ஊர்த் தலைவர் சாலைக்கு நடுவே வந்து வண்டியை நிறுத்தினார். சீட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பங்குக்காரனுக்கும் அவரே வெற்றிலை பாக்கு கொடுத்து அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். வலது கையால் வாங்கினால் இந்த வருடம் பாடு கட்டுகிறேன் என்று அர்த்தம். இடது கையை நீட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்து கொடுப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"உன் ஊட்டுக்குத்தான் வந்துக்கினு இருந்தேன். நீயே வந்துட்ட. இந்தா."

தம்பி வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து நீட்டினான். வாங்கினான். சட்டைப்பையில் போட்டான். கை தொடைமேல் வந்து அமர்ந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்ப முடியாது. இடது கையால் வலது கையைத் தூக்கினால் பெஞ்சில் இருக்கும் எல்லாரும் பார்ப்பார்கள். அவன் பேச்சுக் கொடுத்தான்.

"முகத்துவாரம் எப்டி கீது தலைவரே? வெட்டி விட்டாங்களா?"

"வெட்னா இன்னா, மறுநாளே மூடிக்குது."

"காத்து?"

"காத்து கெடக்குது. பெட்ரோல் வீணாவுதுடா, அத நிறுத்து."

இடது கையாலேயே சாவியைத் திருப்பி நிறுத்தினான். தலைவர் பேச்சை விடுகிறவர் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து இறால் விலையிலிருந்து ஆரம்பித்தார். இவன் நிற்பதால் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆட்கள் சேர்ந்ததால் இவன் நகர முடியவில்லை. வெயில் அவன் முகத்துக்கு வந்துவிட்டது. என் பஸ் வந்து நின்று போயிற்று. நான் எழுந்து கடைக்குப் பின்னால் போய் அவன் மனைவிக்குப் போன் செய்தேன்.

"டீக்கடைக்கு வா."

"இன்னா அண்ணி?"

"வண்டி மேலயே வெத்தல வாங்கிட்டான்."

ஈரத்தலையோடு, கையில் ஒரு காலிப் பையோடு வந்தாள். "மார்க்கெட்டுக்கு இட்டுக்கினு போறேன்னு சொல்லிட்டு இங்க இன்னா கத?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியாகவே இருந்தாலும் வண்டியில் நடுவே ஒரு பையாவது வைத்துக்கொள்வார்கள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள். கையை முன்னால் விட்டு அவன் வலது கைமேல் தன் கையை வைத்தாள். அப்படியே தூக்கிக் கொண்டுபோய்ப் பிடியில் வைத்து, தன் கையையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டாள். தாடை அவன் தோளில் இருந்தது.

பெஞ்சிலிருந்து விசில் வந்தது.

"யோவ், ஊட்ல எடம் இல்லியா?"

"இன்னா அண்ணி, ஷூட்டிங்கா?"

"வயித்தெரிச்சல்ல வெந்து சாவாதீங்க" என்றாள் அவள். "உங்க பொண்டாட்டிங்கள கேளுங்க, ஏறி உக்காருவாளுங்களானு."

தலைவரே சிரித்துவிட்டார். வண்டி கிளம்பிப் போயிற்று. வளைவு திரும்பும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

சிரிக்காதவன் ஒருவன்தான். கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த எங்கள் மாமன் மகன். தம்பியின் படகில் இன்னொரு பங்குக்காரன் அவன். போன பருவத்தில் கம்பு பிடுங்கிய நாளில் கழி பிடித்து நின்றதும் அவன்தான். அவன் பார்த்தது கைகளை அல்ல, தம்பியின் முழங்கையை. அது தானாக மேலே போகவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனான்.

மாலையில் வீட்டுக்கு வந்தான். தம்பி முற்றத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், கை எப்டி கீது?"

"வண்டி ஓட்றனே, பாக்கல?"

"பாத்தேன்."

"அப்புறம் இன்னா?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

தம்பி மனைவி சோறு போடட்டுமா என்று கேட்டாள். பசியில்லை என்றான். எங்கள் வீட்டில் அவன் சாப்பிடாமல் போனதாக எனக்கு நினைவில்லை. வேலிவரை நான் கூடப் போனேன்.

"அவன் எங்கிட்ட சொல்லட்டும்க்கா" என்றான். குரலைத் தாழ்த்தவில்லை, முற்றத்துக்குக் கேட்டிருக்கும். "நான் அவன் வாயில புடுங்க மாட்டேன். தண்ணி இஸ்கும்போது அவன் கையில கம்பு இருந்தா என் உசுரு அதுல கீது. படகு பொறண்டா என் புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீயே கேட்டுடு, உடைச்சு."

"கேட்டேனே இப்ப."

போய்விட்டான். நான் திரும்பி வந்தபோது தம்பி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான், இடது கையால். நான் வாயைத் திறப்பதற்குள் "தெரியும்க்கா" என்றான். "அவனுக்கு ரெண்டு பசங்க. பங்க வுட்டா பசங்களுக்குப் போவும். நான் வுட்டா?" உள்ளே அவன் மகள் நாளைக்குச் சீருடை தேய்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குச் சீருடை எதற்கு என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் பங்குக்காரர்கள் மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்கள் நாங்கள் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றோம். தலைவர் மண்பானையை இடுப்பளவில் பிடித்துக்கொண்டிருந்தார். கையை உயர்த்த வேண்டியதில்லை, உள்ளே விட்டால் போதும். தன் பெயரைக் கூப்பிட்டதும் தம்பி எழுந்து போனான். வலது கையைப் பானைக்குள் விட்டு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தான். தலைவர் பிரித்துப் படித்தார். முகத்துவாரத்தை ஒட்டிய பாடு. இருப்பதிலேயே நல்லது. உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். என் பக்கத்தில் நின்ற அவன் மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி இறுக்கினாள்.

"கூட யாரு?" என்றார் தலைவர். வழக்கமான கேள்விதான். கூட இருப்பவன் எழுந்து வந்து பக்கத்தில் நிற்க வேண்டும்.

மாமன் மகன் எழுந்தான். வரவில்லை, உட்கார்ந்திருந்த இடத்திலேயே நின்றான்.

"இந்த வருசம் நான் வேற படகு, தலைவரே."

"இன்னாடா சொல்ற? ஏன்?"

"வேற படகுனா வேற படகு."

தம்பியின் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டான். தலைவர் தம்பியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்து, துணையில்லாத பங்குக்காரர் யாராவது இவன்கூட நிற்கிறீர்களா என்று கேட்டார். வழக்கப்படி மூன்று முறை கேட்க வேண்டும்; அப்படியும் யாரும் வராவிட்டால் சீட்டு பானைக்குத் திரும்பிவிடும். முதல் முறை கேட்டபோது பேச்சுச் சத்தம் இருந்தது. இரண்டாவது முறை கேட்டபோது, டீக்கடையில் சிரித்தவர்கள் தம்பியின் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது யாரும் எதையும் பார்க்கவில்லை.

தலைவர் சீட்டை மறுபடி மடித்தார். தம்பி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, தானே பானைக்குள் போட்டான். தலைவர் பானையைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.